இன்ட்டு இல்லாத ஜன்னல்

என்னோடு ஆபீசில் வேலை பார்த்த அவரிடம் யார் எதைக் கேட்டாலும் முதலில் தலை ஆடிவிடும். என்ன கேட்டார்கள் என்று அதற்கப்புறம்தான் யோசிப்பார். ஒருநாள் மீசையில்லாமல் வேலைக்கு வந்து நின்றார். கல்யாணப் போட்டோவிலேயே இருந்த மீசை அது. காலடிப்பேட்டையில் அவர் வழக்கமாகப் போகும் சலூனில் புதிதாக வேலைக்கு வந்தவர், "மீசைய எடுத்துடலாமா சார், முகம் நல்லா இருக்கும்" என்று கேட்டிருக்கிறார். இவர் தலையாட்டியிருக்கிறார். கத்தி உதட்டுக்கு மேல் இருக்கும்போது எப்படி வேண்டாம் என்பது என்று என்னிடம் நியாயம் கேட்டார். கத்தி வருவதற்கு முன்னால்தானே கேட்டார் என்றேன். "ஆசையா கேட்டாரும்மா" என்றார்.

இன்னொரு தடவை ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம். ஒன்று தண்டையார்பேட்டையில், இன்னொன்று எண்ணூரில். இரண்டு வீட்டுக்கும் முன்னால் வந்து நிற்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். முதல் கல்யாணத்துக்குப் போகாமல் இரண்டாவதை முதலில் பார்த்துவிடலாம் என்று ஆட்டோ ஏறியவர், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குள் மாட்டிக்கொண்டார். முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. இரண்டு தாலியும் அவர் இல்லாமலேயே ஏறின. இரண்டு வீட்டாரும் இன்னொரு வீட்டுக்குத்தான் போயிருப்பார் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டார்கள். மறுநாள் இரண்டு மொய்க்கவரும் அவர் சட்டைப்பையில் அப்படியே இருந்தன.

அவர் மனைவி ஒருதரம் எனக்குப் போன் செய்து, ஆபீசில் அவரிடம் யாரும் எதுவும் கேட்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எதுவாக இருந்தாலும் என்னைக் கேட்கச் சொல், நான் முடியாது என்று சொல்லிக்கொள்கிறேன் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் ஆபீசில் எங்களுக்கு முதலாளிகள் மூன்று பேர்.

திருவொற்றியூரில், ஒரு கன்டெய்னர் யார்டின் அலுவலகம் அது. யார்டு சாலையில் கொஞ்சதூரம் தள்ளி இருந்தது, நாங்கள் மாடியில் இருந்தோம். நான் போன் எடுக்கும் வேலையில் இருந்தேன். டிரைவர்களுக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் கூப்பிடுவது என் மேஜையிலிருந்த லேண்ட்லைனைத்தான்; கூப்பிடுபவரின் நம்பர் அதில் தெரியாது. அவர் வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டார். முதலாளிகள் மூவரும் அண்ணன் தம்பிகள்; பெரியவர், நடுவுள்ளவர், சின்னவர் என்றுதான் நாங்கள் சொல்வோம். மூன்று பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன் என்று கேட்டால் மூன்று விதமாகச் சொல்வார்கள். மூன்று அறைக்கும் ஏசி உண்டு. மூன்று கதவும் திறக்கும் நடைவழியில் அவருடைய மேஜையும் என்னுடைய மேஜையும் கிடந்தன. அங்கே ஒரே ஒரு ஜன்னல், அதுவும் சாம்பல் தூசு வரும் என்று ஆணியடித்து மூடியிருந்தது. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குச் சேதி போக வேண்டுமென்றால் அவர் மூலமாகத்தான் போகும். நாற்காலியைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டே ஒவ்வொரு கதவாகப் போய் வருவார்.

வெப்சைட்டுக்கு ஒரே ஒரு முக்கியமான வேலை இருந்தது. கப்பலேற வேண்டிய பெட்டியைக் கொண்டுவரும் லாரி யார்டுக்குள் நுழைய டோக்கன் வேண்டும். டிரைவர் வரிசையில் நின்றபடியே தன் போனில் எங்கள் பக்கத்தைத் திறந்து, வண்டி நம்பரைப் போட்டு, டோக்கன் எடுக்க வேண்டும். வண்டி நிற்கும் இடத்தை அந்த வண்டிக்குப் பதிவு செய்த டிரைவரின் போன்தான் காட்ட வேண்டும். நடுவில் யாரும் டோக்கனைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருந்தார்கள். வேறு ஆள், வேறு இடத்திலிருந்து எடுத்துத் தர முடியாது. டோக்கனைக் காட்டாமல் கேட்டில் தடுப்புக் கம்பி தூக்காது.

அந்தப் பக்கத்தின் மேல்தான் முதலாளிகள் ஜன்னல் வைக்கச் சொன்னார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஏதாவது படிக்கலாம் என்று ஒரு பக்கத்தைத் திறந்தால், படிக்க விடாமல் சின்ன ஜன்னல் ஒன்று குறுக்கே மிதந்து வந்து நிற்கும். ஓரத்தில் இருக்கும் இன்ட்டு குறியைத் தேடி அமுக்கினால்தான் விலகும். பெரியவருக்குக் கிடங்கில் இடம் காலி என்று ஒரு ஜன்னல் வேண்டியிருந்தது. நடுவுள்ளவர் காட்டுப்பள்ளியில் புதிதாகக் கிளை திறந்ததற்கு ஒன்று கேட்டார். சின்னவருக்கு அவர் பொன்னாடை போர்த்திக்கொண்டு நிற்கும் படம். மூன்று பேருமே தன்னுடையதுதான் எல்லாவற்றுக்கும் மேலே வர வேண்டும் என்றார்கள். மூன்று பேரிடமும் அவர் சரிங்க என்றார்.

எப்படிச் செய்யப்போகிறார் என்று நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். செய்துவிட்டார். பெரியவரின் கம்ப்யூட்டரில் திறந்தால் பெரியவருடையது மேலே வரும். சின்னவருடைய போனில் திறந்தால் பொன்னாடை மேலே வரும். மூன்று பேரும் தன் பேச்சுத்தான் எடுபட்டது என்று திருப்தியாக இருந்தார்கள். ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொண்டால்தானே குட்டு வெளிப்படும்.

டிரைவர்கள் பாவம் இல்லையா என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, யாருக்கும் தெரியாமல் ஒரு வழி வைத்திருப்பதாகச் சொன்னார். இன்ட்டு குறியைத் தேடவே வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே பக்கத்தில் எங்கே தொட்டாலும் எல்லாம் மறைந்துவிடும். "முதலாளிக்கு ஜன்னல், டிரைவருக்கு வழி" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. யார் மனமும் கோணாமல், யாருக்கும் தெரியாமல் ஒரு சந்து விட்டு வைப்பதில்தான் அவர் சாமர்த்தியமெல்லாம் இருந்தது.

அவர்மேல் எனக்குக் கோபமும் உண்டு. உடைந்த நாற்காலியை மாற்றித் தரச் சொல்லி நான் அவரிடம்தான் சொல்லியிருந்தேன். சின்னவரிடம் சொல்லிவிட்டேன், வந்துவிடும் என்பார். புது நாற்காலி வேண்டாம் என்று சின்னவர் சொன்னதற்கும் அவர் சரி என்றிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. அதுவரை நான் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தேன். கத்திவிட்டேன். அன்று மாலையே தன் நாற்காலியை என் பக்கம் உருட்டி வைத்துவிட்டு, என்னுடையதில் சாய்ந்துகொண்டார். அப்படிப்பட்டவரிடம் எவ்வளவு நேரம் சண்டை போட முடியும்?

மதியச் சாப்பாட்டுக்கு மொட்டைமாடிக்குப் போவோம். அங்கிருந்து லாரி வரிசை நீளத்துக்கும் தெரியும். டிரைவர்கள் வண்டிக்கடியில் படுத்திருப்பார்கள், சிலர் ஸ்டவ் வைத்துச் சமைப்பார்கள். வரிசை எப்போது நகரும் என்று தெரியாததால் யாரும் வண்டியை விட்டு அதிகதூரம் போக மாட்டார்கள். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே அவர், "அவங்களுக்காவது முன்னாடி இருக்கற கேட் ஒண்ணுதான்" என்றார். டப்பாவைத் திறந்தவர் சாப்பிடாமலேயே மூடினார். மூன்று அறையிலிருந்தும் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது அவருக்கு நெஞ்சு படபடக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வேறு வேலை பார்க்கலாமே என்றேன். பார்க்கிறேன் என்றார். அதுவும் எனக்காகச் சொன்னதுதான்.

முதலாளிகளின் அப்பா இறந்துபோனார். வயதானவர், படுக்கையில் இருந்தவர். சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். வெப்சைட்டிலும் போட வேண்டும், காரியம் முடியும்வரை மற்ற ஜன்னல்களை எடுத்துவிட்டு இது ஒன்றுதான் நிற்க வேண்டும் என்றார்கள். அப்பாவின் மாலை போட்ட படம், கீழே மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் பெயர். ஒவ்வொரு மகனும் தன் பக்கத்து உறவுகளையும் சேர்க்கச் சொன்னதில் பெயர்ப்பட்டியல் நீண்டுகொண்டே போனது. இவர் எல்லாவற்றையும் சேர்த்தார். ஜன்னல் தயாரானதும் பார்க்கக் கூப்பிட்டார்.

மூன்று பேரும் ஒரே நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். பெரியவர்தான் முதலில் கவனித்தார். ஜன்னலின் மூலையில் வழக்கம்போல இன்ட்டு குறி இருந்தது. படம் ஜன்னலை நிறைத்திருந்ததால் குறி சரியாக இறந்தவரின் தலைமேலேயே வந்திருந்தது.

"எங்கப்பா தலைல இன்ட்டு போட்டுக்கீறியா?" என்றார்.

நடுவுள்ளவரும் அதையே கேட்டார். கதை முடிந்துபோன ரவுடி படத்துக்குத்தான் போலீசில் அப்படிப் போடுவார்கள் என்றார் சின்னவர். இவர் பதறிப்போய்க் குறியைக் கீழே இறக்கிக் காட்டினார். காலடியிலா என்றார்கள். பெயர்களுக்குப் பக்கத்தில் வைத்தார். உயிரோடு இருக்கிற பிள்ளைகளுக்குப் பக்கத்திலா என்றார்கள். மூன்று அண்ணன் தம்பிகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். இன்ட்டு குறி கூடாது. இவர் சரிங்க என்று எடுத்துவிட்டார்.

அவர்கள் போனதும் என்னிடம் கண்ணைச் சிமிட்டினார். பக்கத்தில் தொட்டால் மறையும் வழியை அவர் எடுக்கவில்லை. எங்கள் இரண்டு பேர் போனிலும் தொட்டுப் பார்த்தோம், மறைந்தது. நானே போன் செய்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். டிரைவர்கள் தங்களுக்குள் இன்னும் நன்றாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டார்கள். படத்தில் இருக்கும் பெர்சு தோளுக்குப் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டு, வழிவிடும் என்று வரிசை முழுக்கப் பேச்சு.

அதற்கு அடுத்த நாளோ அதற்கும் அடுத்த நாளோ, காலையில் ஒரு டிரைவர் கூப்பிட்டார். ஐம்பதை நெருங்கும் குரல். ராயபுரத்துக்காரர். ஓசூரிலிருந்து மெஷின் சாமான் பெட்டி ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தபோது வழியில் சேதி வந்திருக்கிறது. அவர் அம்மா இறந்துவிட்டார். சீல் வைத்த பெட்டியோடு நடுவழியில் என்ன செய்வது, இறக்கிவிட்டு ஓடிவிடலாம் என்று நேராக வரிசைக்கு வந்துவிட்டார்.

"எக்கா, நாலு மணிக்குக் கோயில்ல அடக்கப் பூச. ஃபாதரு டைம் குட்த்துட்டாரு, மாத்த முடியாது. பொட்டிய எறக்கிட்டா நா பூடுவேன். உங்க பெர்சு மூஞ்சி மட்டும் இன்னா தட்டினாலும் போவ மாட்டேங்குது" என்றார். அழவில்லை. அழ நேரமில்லாத அவசரம்தான் குரலில் இருந்தது.

பக்கத்தில் தட்டச் சொன்னேன். பக்கமே இல்லை என்றார். போனை இவரிடம் கொடுத்தேன். இவரும் அதையே சொன்னார். எந்தப் பக்கம் சார், பக்கமே இல்லியே என்று அவர் அங்கிருந்து சொன்னது எனக்கே கேட்டது. பக்கத்து வண்டிக்காரர்கள் வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, போன்தான் ஓட்டை என்று சொல்லிவிட்டார்களாம். அம்மா இறந்த அதிர்ச்சியில் அவருக்குச் சரியாகத் தொடத் தெரியவில்லை என்றுதான் நாங்களும் நினைத்தோம். இவர் தன் சொந்த நம்பரைக் கொடுத்து, "கவலைப்படாதீங்க, இதோ எடுத்துடறேன், அஞ்சு நிமிஷம்" என்றார்.

ஜன்னலை எடுப்பது இவர் கையில்தான் இருந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் ஜன்னல் போய்விடும். ஆனால் பெரியவர் அடிக்கடி பக்கத்தைத் திறந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமல் எடுக்க இவருக்குத் துணிச்சல் இல்லை. நாற்காலியை உருட்டிக்கொண்டு பெரியவரின் கதவுக்குப் போனார்.

பெரியவர் கெட்டவர் இல்லை. சேதியைக் கேட்டு உச்சுக்கொட்டினார். எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் காரியத்துக்கு முன்னாலேயே அப்பா படத்தை எடுத்தது மூத்தவன் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாது, சின்னவன் சொல்லட்டும் என்றார். சின்னவர், அண்ணன் இருக்கும்போது நான் எப்படிச் சொல்வது என்றார். நடுவுள்ளவர் காட்டுப்பள்ளியில் இருந்தார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்து என்னிடம் கேட்கட்டும் என்று போனில் சொன்னார். அவர்கள் சேர்ந்து பேசி வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

இதற்கு நடுவில் டிரைவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் இவர் போனை எடுத்தார். எடுக்காமல் விடவும் இவருக்கு மனம் வராது. "ஆச்சு, பெரியவர் ஒத்துக்கிட்டாரு, சின்னவருதான் பாக்கி", "இதோ முடிஞ்சிடும்" என்று ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல சேதி சொன்னார். நான் யார்டு கேட்டுக்குப் போன் செய்து அந்த ஒரு வண்டியை மட்டும் விடச் சொல்லிக் கெஞ்சினேன். டோக்கன் காட்டினால்தான் கம்பி எழும், கையால் தூக்க வழியில்லை என்றார்கள்.

மதியம் ஆனதும் எனக்குப் பொறுக்கவில்லை. முடியாதுன்னு சொல்லிடுங்க அண்ணா, வண்டியை யார்கிட்டயாவது விட்டுட்டு அவர் கிளம்பட்டும் என்றேன். "அம்மா செத்துக் கிடக்குது அவருக்கு. அவர்கிட்ட போய் எப்படிம்மா முடியாதுன்னு சொல்றது?" என்றார். நம்பரையாவது கொடுங்கள், நான் சொல்கிறேன் என்றேன். வேண்டாம், பெரியவர் மனசு இறங்குகிற மாதிரி இருக்கிறது என்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நடைவழியில் மூன்று கதவும் சாத்தியிருந்தன. அவர் எதைத் தட்டுவது என்று தெரியாமல் நாற்காலியில் அப்படியும் இப்படியும் திரும்பிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது எனக்கு. 

கடைசியில் பெரியவருக்கே ஒரு யோசனை தோன்றியது. இன்ட்டு குறிதானே கூடாது? மாலைக்குக் கீழே ஒரு பட்டன் வை, அதில் ‘அஞ்சலி செலுத்தினேன்’ என்று எழுது. மரியாதை செய்துவிட்டு உள்ளே போகட்டும் என்றார். சின்னவருக்கும் பிடித்திருந்தது. நடுவுள்ளவர் நல்ல யோசனை என்று சொல்லிவிட்டு, யாருடைய யோசனை என்று கேட்டார். இவர், பொதுவாக எல்லாரும் சொன்னதுங்க என்றார்.

பட்டன் உடனே தயாரானது. இவர் டிரைவரைக் கூப்பிட்டு அமுக்கச் சொன்னார். டோக்கன் வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "போயிட்டாரும்மா, உள்ள போயிட்டாரு" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் சுவர்க்கடிகாரத்தைக் காட்டினேன். கோயிலில் பூசை ஆரம்பித்து வெகுநேரமாகியிருந்தது.

அந்தப் பட்டன் பெரியவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எத்தனை பேர் அமுக்கினார்கள் என்று கணக்குக் காட்டச் சொன்னார். இவர் காட்டினார். காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பாவுக்கு அஞ்சலி செலுத்தியவர்களின் எண்ணிக்கையைப் போனில் காட்டிக்கொண்டிருந்தார் பெரியவர். அந்த எண்ணிக்கைக்குள் ராயபுரத்துக்காரர் தட்டிய தட்டும் ஒன்று. அதை இவரிடம் சொன்னேன். 

சில நாள் கழித்து, பெட்டி இறக்கிய ரசீதில் முத்திரை வாங்க ஒருவர் மாடியேறி வந்தார். கறுத்து, ஒடிசலாக, கையில் கறுப்புப் பட்டை கட்டியிருந்தார். குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. இவர் எழுந்து நின்றார். ரொம்ப வருத்தப்பட்டதாகச் சொல்லி, அன்று போனில் எங்கே தவறு என்று மட்டும் பார்க்கலாமா என்று கேட்டார்.

டிரைவர் போனை மேஜைமேல் வைத்துப் பக்கத்தைத் திறந்தார். காரியம் முடிந்தும் பெரியவர் ஜன்னலை எடுக்க விடவில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம் இருந்தன. ஓட்டிக்கொண்டே படிப்பதற்காக டேஷ்போர்டில் மாட்டிவைக்கும் போன். கண் மங்க ஆரம்பித்ததால் எழுத்தை ஆகப் பெரிதாக வைத்திருந்தார். எழுத்து பெரிதானதும் அத்தனை உறவுகளின் பெயரும் ஜன்னலும் சேர்ந்து பெருத்துவிட்டன. மாலை போட்ட முகம் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை நிறைந்திருந்தது. தொடுவதற்கு வெளியே என்று ஓர் இடமே இல்லை. பக்கமே இல்லை என்று அவர் சொன்னது நிஜம். எழுத்தைச் சின்னதாக்கச் சொல்லியிருந்தால் காலையிலேயே முடிந்திருக்கும். எங்கள் மேஜையில் யாரும் ஒரு டிரைவரின் போனைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை.

இவர் மன்னிப்புக் கேட்டார். டிரைவர் வேண்டாம் என்பதுபோலக் கையைக் காட்டினார். அவர் போய்ச் சேர்ந்தபோது காசிமேட்டுக் கல்லறையில் மண் தள்ளி முடித்து, வந்தவர்கள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்களாம். தங்கை மட்டும் குழிப்பக்கம் உட்கார்ந்திருந்ததாம். எல்லாவற்றையும் ரசீதை மடித்துக்கொண்டே சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"போன் தப்போ, படம் தப்போ, அது கெடக்கட்டும் சார்" என்றார். "பின்னாடி வண்டில என் தோஸ்து இருந்தான். வண்டிய குட்த்துட்டுப் போ, நா பாத்துக்கறேன்னு காலைலேர்ந்து சொல்லிகினே இருந்தான். முடியாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சாவிய அவன் கைல குட்த்துட்டு நடந்தே பூட்டிருப்பேன். நீங்க நல்ல மனுஷன், செஞ்சி குட்த்துடுவீங்கன்னு நம்பி அங்கியே குந்திகினு இருந்தேன்."

இவர் டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வேணா சார் என்று சொல்லிவிட்டு டிரைவர் படியிறங்கிப் போனார்.

நடைவழியில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், இவர் போகவில்லை. என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"நா அவருக்கு நல்லதுதானேம்மா நெனச்சேன்? அவர் மனசு நோகக் கூடாதுன்னுதானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர் சாப்பிட்டிருப்பார். அவர் முகத்தைப் பார்த்தால் சொல்லத்தான் தோன்றியது. எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

"இல்லண்ணா" என்றேன்.